மூன்றாம் பாட்டின் கீறல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ரெக்கார்டைச் சாய்த்து ஜன்னல் வெயிலில் பிடிக்கிறார். கறுப்பு வளையங்களில் ஒளி வழுக்கி ஓடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு கீறல் கிடையாது. அவருடைய உயிரான ராக் இசைக்குழுவின் இசைத்தட்டு, முதன்முதலாக அச்சான பதிப்பு. இதற்காகப் பதினெட்டு வருடம் நாயாய் அலைந்திருக்கிறார். விருந்தாளியாக வந்திருக்கும் அக்கா ரெக்கார்ட் பிளேயர் வைத்திருக்கும் அலமாரியை ஒட்டி, நாற்காலி நுனியில் சின்னப் பெண்ணைப்போல உட்கார்ந்திருக்கிறாள். முள் இறங்குகிறது. கரகரப்பே இல்லாமல் கிடார் எழ, இரண்டு பேரும் முணுமுணுக்கிறார்கள். மூன்றாம் பாட்டில் அந்த வரி நெருங்கும்போது அக்காவின் கை தானாக அலமாரியை நோக்கி நீள்கிறது. சின்ன வயதில் வீட்டிலிருந்த இதே பாட்டுகளின் பழைய ரெக்கார்டில் அங்கேதான் முள் சிக்கிச் சொன்னதையே சொல்லும். அலமாரியை ஓங்கித் தட்டி முள்ளை நகர்த்துவது அவள் வேலை. இன்று பாட்டு சிக்காமல் போய்விடுகிறது. கை அந்தரத்தில் நிற்கிறது.

“நம்ம பழசு எங்கடா?”

“அதையும் இன்னும் ஆறு ரெக்கார்டையும் கொடுத்துத்தான்க்கா இது கிடைச்சுது.”

அக்கா கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அவர் எழுந்து, முள்ளைத் தூக்கி அதே வரிக்கு முன்னால் வைக்கிறார்.

“தட்டுக்கா.”

“கீறல் விழுந்துடும்டா.”

“விழட்டும்.”