ஜாக்கி நிற்கவில்லை

"நேத்து மாத்துன ஆயில் சீல் இன்னைக்கு எப்புடித் தம்பி ஒழுகும்?"

முனியாயியின் கேள்விக்கு மெக்கானிக் உதயசூரியன் நிமிரவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பின்பக்க ஜாக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஆயில் வழிந்து செம்மண்ணில் கறுப்பாக ஊறியிருந்தது.

"இருபது வருசப் பழைய வண்டிக்கா. ஜாக்கியோட ராடுல கீறல் இருக்கு. புது சீல அறுத்துருது."

நேற்றுக் காலை வந்த வண்டி. துளை போடும் கம்பத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். பத்தே நிமிடத்தில் அந்த ஜாக்கி மெல்ல இறங்கும். வண்டி ஒரு பக்கம் சாயும். சாய்ந்த வண்டியை வைத்துத் துளை போட முடியாது. புதுக்கோட்டையிலிருந்து வந்த உதயசூரியன் இரண்டு முறை கழற்றி மாட்டிவிட்டான். துளை இன்னும் ஓர் அடிகூடப் போகவில்லை.

இன்றைக்கு விட்டால் வண்டி அடுத்த முறை எப்போது வருமோ தெரியாது. கிணறு வற்றி இரண்டு வருடமாகிறது. கொல்லையில் போட்ட கடலை கருகிவிட்டது. கணவன் பெரியண்ணன் குடுமியான்மலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்து, வரப்போரமாக இந்த இடத்தைக் குறித்து வைத்தவள் முனியாயிதான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். இங்க மண்ணு பொதபொதன்னு இருக்கு. அங்கிட்டு வேப்பமரத்துப் பக்கம் போட்டுக்கங்களேன். தரை கெட்டி."

"நேத்து ஜாக்கில கோளாறுன்ன. இன்னைக்கு மண்ணுல கோளாறா?"

அவன் மறுபடி ஜாக்கிப் பக்கம் குனிந்துகொண்டான். முனியாயிக்குச் சுருக்கென்றது. பக்கத்துக் கொல்லை மலையாண்டியின் போர் இங்கிருந்து கூப்பிடு தூரம். இவள் இங்கே போட்டால் அவன் தண்ணீர் குறையும். வேப்பமரத்துப் பக்கம் போனால் அவனுக்குக் கவலையே இல்லை. நேற்றுச் சாயங்காலம் மலையாண்டி இந்த மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து, வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள்.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"மலையாண்டி அவனக் கைக்குள்ள போட்டுக்கிட்டான்ங்க."

"சேச்சே, மலையாண்டி அப்புடிப்பட்ட ஆளு இல்ல" என்றார் பெரியண்ணன்.

"நீங்க ஒலகத்தையே நம்புவீங்க!"

"அந்தத் தம்பி சொல்றதும் சரின்னுதான் தோணுது. வேப்பமரத்துப் பக்கமே போட்டா என்ன?"

"அங்க தண்ணி கெடையாதுன்னு நீரோட்டக்காரரு சொல்லிட்டாருல்ல. ரெண்டு ஊத்து கூடுற எடத்த விட்டுட்டு அங்க எதுக்குப் போகணும்?"

பெரியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்த மனிதரையும் அவன் பேசி மயக்கிவிட்டானா?

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு கொல்லைக்கு வந்தவள், சத்தம் காட்டாமல் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். வண்டிக்காரர்கள் வேப்பமர நிழலில் படுத்திருந்தார்கள். உதயசூரியன் மட்டும் தனியாக ஜாக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். உறையைப் பிரித்துப் புது சீலை எடுத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிய்ந்துபோன பழைய சீலையே திரும்பவும் ராடில் மாட்டினான்.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள் முனியாயி.

"பையில இருக்கிறத வெளிய எடு."

அவன் மெல்ல எடுத்துக் காட்டினான். சின்னக் கீறல்கூட இல்லாத புது சீல்.

"மலையாண்டிதான சொன்னான்?"

"இல்லக்கா."

"பின்ன யாரு? சொல்றியா, ஊரக் கூட்டவா?"

"என் வாயால சொல்ல முடியாதுக்கா" என்றவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அவன விடு முனியாயி. நாந்தான் செய்யச் சொன்னேன்."

பெரியண்ணன் நின்றிருந்தார்.

"நீங்களா? நம்ம கொல்லைக்குத் தண்ணி வராம நீங்களே தடுப்பீங்களா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

அவர் மெல்ல வந்து, போர் போடக் குறித்திருந்த இடத்தில், அவள் காலடியில் குந்தினார். மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

"நம்ம மொதப் புள்ளைய ஆஸ்பத்திரிக்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு ஒங்கிட்ட சொன்னேனே, அது பொய். நீ மயக்கத்துல கெடந்தப்ப நாந்தான் தூக்கிட்டு வந்து இங்கன பொதச்சேன்."

முனியாயி தான் நின்றிருந்த மண்ணிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்துப் பின்னால் வைத்தாள்.