புரதமில்லாத எலி

"அந்தப் புரதமே இல்லாத எலியோட மூளையில இந்த ஆன்டிபாடியைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

ஆய்வுக்கூடத்தின் வாராந்திரக் கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டது வேறு யாருமில்லை, முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவனின் மனைவி.

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் திரும்ப நரம்பு செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம். அதைத் தேடி ஒட்டிக்கொண்டு, கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுப்பதுதான் அந்த ஆன்டிபாடியின் வேலை. மூன்று வருஷமாக அந்தக் கோடுகளை நம்பித்தான் அவன் ஆராய்ச்சியே ஓடியது.

"பார்க்கல," என்றான்.

"பார்த்துட்டுக் கட்டுரையை அனுப்புங்க," என்று துறைத்தலைவர் எழுந்துவிட்டார்.

பார்த்தான். மரபணுவை மாற்றி அந்தப் புரதமே இல்லாமல் வளர்த்த எலியிலும் அதே இடத்தில் அதே கோடு, கொழுகொழுவென்று! ஆன்டிபாடி வேறு எதிலோ ஒட்டிக்கொண்டு இத்தனை நாளும் ஏமாற்றியிருக்கிறது. மூன்று வருஷ உழைப்பும் பாழ்.

அன்று சாப்பிடும்போது அவன் அம்மாதான் ஆரம்பித்தாள்.

"கட்டின புருஷனை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வெச்சுட்டு, எப்படிம்மா உனக்குச் சாப்பாடு இறங்குது?"

மருமகள் தட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வீட்டுல வெச்சு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றான் அவன்.

"சொன்னேனே, மூணு தடவை. 'எல்லாரும் வாங்கற ஆன்டிபாடி, உனக்கு மட்டும் என்ன சந்தேகம்'னு கேட்டீங்க."

"பொறாமைன்னு நேராவே சொல்லேன். உன் கட்டுரை வந்தாச்சு, பதவி உயர்வும் வரப்போகுது. நான் மட்டும் எதுக்கு மேல வரணும்?"

கை கழுவப் போனவள் திரும்பி வர ரொம்ப நேரமானது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் துறைத்தலைவர் அறைக்குப் போனான்.

"சார், என்னை வேற மாடிக்கு மாத்திடுங்க. அவ பக்கத்துல நின்னு இனிமே வேலை பார்க்க முடியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ உங்ககிட்ட இன்னும் சொல்லலையா? வீட்டுல தெரிஞ்சா விடமாட்டீங்கன்னு நினைச்சிருப்பாங்க."

இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"அவங்க கட்டுரையும் இதே ஆன்டிபாடியிலதானே? அந்த எலியில தனியா சோதிச்சுப் பார்த்திருக்காங்க. உங்களோடது இன்னும் அச்சுக்கே போகல. அவங்களோடது வந்து, எல்லாரும் கைதட்டினது. முடிவு தப்பு, வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டாங்க. பதவி உயர்வும் வேண்டாமாம்."

அவன் தேதியைப் பார்த்தான். கூட்டத்துக்கு முதல் நாள்.

"அவசரப்படாதீங்கம்மான்னேன். 'இதை உங்க கையில கொடுத்தாத்தான் சார், நாளைக்கு அவரைக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரும்'னுட்டாங்க."