அரைக் கிலோ மயில்துத்தம்

இது நான் கண்ணால் பார்த்தது இல்லை. வடக்கனந்தலில், அம்சவள்ளிக்கு அடுத்த வீட்டு ஜெயம்மாள் சொல்லிக் கேட்டது.

"மயில்துத்தம் அரைக் கிலோ குடுங்கண்ணே."

கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் கண்ணாயிரம் தலை நிமிர்ந்தார். எதிரே அம்சவள்ளி. தலை வாரவில்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"இன்னாத்துக்கு?"

"பாசிக்கு. கொல்லையில மீன் குட்டை வெச்சிருக்கேன்."

"யாரு கூட வந்தே?"

"நான் மட்டுந்தான்."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. வந்த அவசரம் இந்த மனுஷனுக்கு எங்கே தெரியும்? குட்டையில் தண்ணீரே தெரியாமல் பாசி மூடிவிட்டது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. நான்கு கெண்டை செத்து மிதந்தன.

அதைப் பார்த்துவிட்டுத்தான் புருஷன் பச்சமுத்து கத்தினான். "கரும்பு வெட்டு முடிஞ்சி நான் வரும்போது இந்த நாத்தம் இருக்கக்கூடாது. இருந்துது, மண்ணக் கொட்டித் தூத்துடுவேன்!"

அவன் மூங்கில்துறைப்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டான். இருபது நாள் அவளே தன் கையால் வெட்டிய குட்டை. அதன் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் அம்சவள்ளி கிளம்பி வந்திருந்தாள்.

"புள்ளைங்க எத்தினி?" என்றார் கண்ணாயிரம்.

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"சும்மா சொல்லும்மா."

"ஒரே பொண்ணு. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது."

"வூட்டுக்காரரு?"

"ஊர்ல இல்ல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சண்டையா?"

"அண்ணே, சரக்கு குடுக்கறீங்களா இல்லியா? இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டியாவணும் எனக்கு!"

கண்ணாயிரம் பில் புத்தகத்தை எடுத்தார்.

"வூட்டுக்காரரு போன் நம்பர் சொல்லு. பில்லுல எழுதணும்."

வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். அவர் உள்ளே போனார். போனவர் வர வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்துப் பார்த்தாள். நீல நீலமாகக் கல்.

வீட்டுக்கு வந்ததும் பாதியை வாளியில் கரைத்தாள். வேகமாகக் கலக்கும்போது ஒரு சொட்டு உதட்டில் தெறித்தது.

உப்புக் கரித்தது.

கையைப் பார்த்தாள். விரலெல்லாம் நீலம். தெரிந்த நீலம்தான். பச்சமுத்து வேட்டிக்குப் போடுகிற அதே சொட்டு நீலம்! கல்லுப்பில் சொட்டு நீலத்தைக் கலந்து கொடுத்திருக்கிறான் பாவி.

மறுநாள் காலையில் இன்னும் இரண்டு மீன் மிதந்தன. மீதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

கடை அதற்குள் திறந்திருந்தது.

"யோவ்! உப்புல நீலத்தக் கலந்து விக்கிறியே, வெக்கமா இல்ல? பொம்பள தனியா வந்தா புள்ளைங்க எத்தினி, புருசன் எங்கன்னு கேள்வி வேற! என் மீனெல்லாம் செத்துக்கினு கெடக்குதுய்யா!"

கூட்டம் கூடிவிட்டது.

"படிக்காத பொம்பளன்னா இவனுங்களுக்கு எளக்காரம்" என்றார் ஒருவர்.

"கலெக்டராண்ட மனு குடும்மா. கடைக்கு சீல் வெக்கட்டும்" என்றார் இன்னொருவர்.

அம்சவள்ளி பொட்டலத்தைக் கண்ணாயிரத்தின் மேலேயே வீசினாள். வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம். கண்ணாயிரம் துடைத்துக்கொள்ளவில்லை. அவளையே பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

"வராம? செத்துப் பூடுவேன்னு நெனச்சியா?"

"ஆமாம்மா."

கூட்டம் அடங்கியது.

"நேத்துலருந்து உன் வூட்டுக்காரருக்குப் போன் போட்டுக்கினே இருக்கேன். சுவிட்ச் ஆஃப். நீ எந்த ஊருன்னு கேட்டு வெக்காம வுட்டுட்டேன்." என்றார் அவர். "ரெண்டு வருசம் முன்ன இப்படித்தான் கண்ணு செவந்து ஒரு பொண்ணு வந்துது. செடிக்குன்னு சொல்லி இதே வெஷத்தக் கேட்டுச்சு. குடுத்தேன். மறுநாள் அது உசுரோட இல்ல."



அம்சவள்ளி நின்ற இடத்திலேயே நின்றாள். "நெஜமாவே பாசிக்குத்தாண்ணே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"இப்பத் தெரியுதும்மா. ஆனா அரைக் கிலோ மயில்துத்தத்த அந்தத் தண்ணியில கொட்டியிருந்தா மீனு ஒண்ணு மிஞ்சியிருக்காது. சாணி கரைச்சி ஊத்தறியா?"

"தெனமும் ரெண்டு கூடை."

"அதான் பாசி. அத நிறுத்து. இருக்கற பாசிய வாரி வெளிய போடு. பாதித் தண்ணிய எறைச்சிட்டுப் புதுத் தண்ணி வுடு. நிக்காத, பஸ்ஸப் பிடி."

அவளும் ஜெயம்மாளும் பழைய புடவையைக் குட்டையில் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்து, இரண்டு நாள் பாசி வாரினார்கள். மூன்றாம் நாள் விடிகாலையில் ஒரு மீனும் மேலே வந்து வாய் பிளக்கவில்லை. கரும்பு வெட்டு முடிந்து வந்த பச்சமுத்து மண்வெட்டியைத் தொடவில்லை.

ஜெயம்மாள் சொன்னது இவ்வளவுதான். வாய் வழியாக வந்த கதையை விசாரிக்காமல் எழுத எனக்குப் பயம். போன வாரம் அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன்.

கண்ணாயிரம் நீல உப்பை இதுவரை ஏழு பேருக்குக் கொடுத்திருக்கிறார். ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வந்தவள் அம்சவள்ளி ஒருத்திதான்.

மற்ற ஆறு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.