நெஞ்சு விளக்கு

மெக்கானிக் செங்கோடன் உட்கார்ந்ததும் இந்த வண்டியிலும் நெஞ்சு விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. ஓட்டுகிறவரின் இதயத்தைக் கவனித்து, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் எச்சரிக்கும் விளக்கு அது. இப்போதெல்லாம் அது இல்லாத வண்டியே கிடையாது.

"இந்தத் தடவ வந்த சென்சார் பூராமே டூப்ளிகேட்டு!" என்று ஒர்க்‌ஷாப்பே அதிரத் திட்டினான். காலையில் வந்த இரண்டு வண்டிகளுக்கும் புது சென்சார் மாட்டி உட்கார்ந்து பார்த்தான், அப்போதும் மின்னியது. ஸ்கேனர் மட்டும் வண்டியில் கோளாறே இல்லையென்று சாதித்தது. இப்போது அவனுடைய சொந்த வண்டியிலும் அதே கதை. எரிச்சலோடு இறங்கி, பானட்டைத் திறந்தான்.

தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்த மனைவி தெய்வானை, அவன் திட்டியதைக் கேட்டபடியே, வெயில் தாளாமல் அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, லைட்டு மின்னலீங்களே! சரி பண்ணீட்டீங்களா?"

அவளை இறங்கச் சொல்லிவிட்டு அவன் ஏறினான். மின்னியது. மறுபடி அவளை ஏற்றினான். அணைந்தது. அவன் பானட்டை மூடினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீயே ஓட்டு."

"நானா? லைசென்ஸ் எடுத்ததோட சரி, ஒருநா என்னைய வண்டியத் தொட உட்டிருக்கீங்களா?" என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் சாவியைத் திருப்பினாள்.

செங்கோடன் பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த இருக்கைக்கு விளக்கு கிடையாது.