முளைக்குச்சி வரைக்கும்

வில்லியனூருக்கு வெளியே இருந்த அந்த நீளத் திடலுக்குத் தொழிலை மாற்றுவதா, வேண்டாமா என்று கயிறு திரிக்கும் ஆதிமூலத்துக்கு நான்கு நாளாக இருப்புக் கொள்ளவில்லை.

"வூட்டுப் பின்னால முப்பது கெஜந்தான் திரிக்க முடியுது. தேருக்கு ஒட்டுப் போடாம நூறு கெஜம் வடம் கேக்குறாரு யாவாரி. இன்னும் இன்னாய்யா யோசனை?" என்றாள் மனைவி காசம்மாள்.

"இடம் நல்லாத்தான் கீது. அந்தக் கோடிதான் புடிக்கல."

"ஏன், பேய் கீய் இருக்குதா?"

"நூறு கெஜம் தாராளமா வரும்பா. நான் பாத்துக் குடுத்த இடமாச்சே," என்றார் கயிறு கேட்டு வந்த வியாபாரி வரதராசு.

ஆதிமூலம் ஒப்புக்கொண்டான். ஆனால் முதல் வேலையாகத் திடலின் கோடியில் ஒரு முளைக்குச்சி அடித்தான். கயிறு திரிப்பவன் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். குதிகாலில் முளை இடித்ததும் நின்றுவிடலாம்.

மறுநாள் காசம்மாள் ராட்டினம் சுற்ற, அவன் நாரை விட்டுக்கொண்டே பின்னால் நடந்தான். காசம்மாள் புள்ளியாகிப் போனாள். முளை இன்னும் வரவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. திரும்பினால் முறுக்கு கெட்டுவிடும்.

குதிகாலில் ஏதோ இடித்தது. அப்பாடா என்று திரும்பினான்.

முளை இல்லை. பூட்ஸ்.

"கடலூர்ல கள்ளுக்கடையைக் கொளுத்திட்டு ஆறு வருசமா பிரெஞ்சு மண்ணுல ஒளிஞ்சிக்கினு இருந்தியேடா," என்றார் போலீஸ்காரர். "இப்ப இங்கிலீஷ்காரன் மண்ணுல நிக்கிற. வா."

பக்கத்தில் வரதராசு நின்றார், கையில் முளைக்குச்சியோடு.