வெளிச்சம் தெரியுதுடா!

வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கோழிக்கூடு. அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"இடது மூலையில வெளிச்சம் தெரியுதுடா! இன்னும் இழு!" கூட்டுப் பக்கமிருந்து அம்மாவின் குரல்.

இழுத்தான்.

"கீழ காத்து வருது. பலகையை வச்சு அடி! போன புயல்ல பாதிக் கோழி போச்சே, மறந்துட்டியா?"

அடித்தான். மாமியார் வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனைவி, இன்று அவன் கேட்பதற்கு முன்பே ஆணியை எடுத்து நீட்டினாள்.

"காத்து அடங்குற வரைக்கும் யார் சொன்னாலும் இந்தக் கதவத் தொறக்கக் கூடாது. என்னம்மா மருமகளே, காதுல விழுந்துதா?"

"விழுந்துது அத்தை!" என்றவள், அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும். கதவுக்குக் குறுக்க ரெண்டு கட்டை அடிச்சிடுங்க."

அவனால் நம்பவே முடியவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் கட்டைகளை அடித்து முடித்தான்.

"இப்பதான்டா கும்மிருட்டு! ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல!" அம்மா குரலில் அப்படியொரு திருப்தி.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. இருவரும் வீட்டுக்குள் ஓடினார்கள்.

"அம்மா எங்க? இன்னும் வரலையே?"

கூட்டுக்குள்ளிருந்து கோழிகளின் கூச்சலோடு இன்னொரு கூச்சலும் கேட்டது. "டேய்! கதவத் தொறடா!"

பதறி வெளியே ஓடப்போனவனின் கையிலிருந்து சுத்தியலை மெல்ல வாங்கிக்கொண்டாள் மனைவி.

"காத்து இன்னும் அடங்கலையேங்க. அத்தை பேச்சை மீறலாமா?"