சும்மாடு

கழுத்து திரும்பவில்லை.

காலையிலிருந்து மூன்றாம் மாடிக்கு நாற்பது நடை. தலையில் கலவைச் சட்டி.

டீ வந்தது. அவள் டீயை விட்டுவிட்டுச் செல்போனை எடுத்தாள்.

சிமெண்ட் தின்ற விரல்நுனியைத் திரை மதிக்காது. விரல் முட்டியால் தட்டினாள்.

விக்கிப்பீடியாவில் அவள் எழுதிய ஒரே பக்கம் அது. தலைப்பு, 'சும்மாடு'. பாரம் உட்காரத் தலையில் துணியைச் சுருட்டி வைக்கிறார்களே, அது. ஒன்பது வரி.

இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் ஒரே ஆள் நீக்கினார். காரணமும் ஒன்றுதான்.

"பொருளற்ற தலைப்பு. யாரோ சும்மா எழுதியது."

இன்னொரு தடவை எழுதி, அதுவும் நீக்கப்பட்டால் தலைப்பையே பூட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெயரில் பக்கமே வராது.

அதனால் நேற்று பக்கத்தை எழுதவில்லை. அந்த ஆளுக்கு எழுதினாள்.

"சார், சும்மாடு இல்லாம ஒரு மூட்டையைத் தலையில வச்சுப் பாருங்க. அப்புறம் நீக்குங்க."

இப்போது பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள்.

நீக்கம். நீக்கம்.

அதற்கு மேலே புதிதாக ஒன்று.

"மீட்டெடுக்கப்பட்டது. தவறு என்னுடையது. வீட்டில் அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன்."

ஒன்பது வரியும் இருந்தன. அவளுடைய எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

சிரித்தாள். கழுத்தில் சுளீரென்றது. அந்த வலியோடேயே சிரித்தாள்.

"என்னடி, மேஸ்திரி லிப்டு போட்டுட்டானா?" கூடச் சுமக்கும் செல்லக்கிளி கேட்டாள்.

வாசித்துக் காட்டினாள். அரிசி மூட்டை வந்ததும் செல்லக்கிளிக்குப் புரையேறிவிட்டது. யாரோ காலிச் சட்டியில் மேளம் தட்டினார்கள். மணல் சலித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் வரியின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு குறிப்பு.

'நல்லாச் சுத்தின சும்மாடு பாதி பாரத்தை வாங்கிக்கும்' என்று எழுதியிருந்தாள்.

*யார் சொன்னது? சான்று தேவை.*

"நான்தான் சொன்னேன். இருபத்தாறு வருசமாச் சொல்றேன். எம்பேரப் போடுடி" என்றாள் செல்லக்கிளி.

சான்றுக்குப் பேர் செல்லாது. புத்தகம் வேண்டும். பக்க எண் வேண்டும்.

டீ ஆறியிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள். துண்டை உதறினாள், சுற்றினாள், தலையில் வைத்தாள். சட்டி ஏறியது.

நாற்பத்தோராவது நடை.

மூன்றாம் வரிக்குச் சான்று பாக்கி.